பதினேழாவது சொல்

"பாவி, கொலைகாரா, உன் வீட்டில இழவு விழ" என்று நான் போனில் கத்தினேன். அந்தப் பக்கம் இருந்தவர், "ரொம்ப நன்றிம்மா, நீங்களும் குடும்பத்தோட நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. நான் வாழ்த்தினேன் என்றுதான் அவர் காதில் விழுந்திருக்கிறது. என் வாய்க்கும் அவர் காதுக்கும் நடுவில் 'கனிவு' உட்கார்ந்திருந்தது. அன்றைக்குத்தான் இனிமேல் இந்தப் போனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்தேன். பின்னால் ரேடியோ லைசென்ஸ் எடுக்கப் போனது அதனால்தான்.

கனிவு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அரசாங்க அழைப்பு மையங்களில் வேலை பார்க்கிறவர்கள் நாள் முழுக்க வசவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். குடிநீர்ப் புகார் எடுக்கிற ஒரு பெண் தாங்க முடியாமல் மாத்திரையை விழுங்கிவிட்டாள். ஊரே கொதித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனி இந்தக் கருவியைக் கொண்டுவந்தது. பேசுகிறவர் குரலில் இருக்கிற சூட்டை ஆற்றி, அதே குரலில் அனுப்பும். முதலில் அரசாங்க எண்களுக்கு மட்டும் என்றார்கள். இரண்டே வருஷத்தில் எல்லாப் போனுக்கும் சட்டமாக்கினார்கள். போனில் அனுப்புகிற எழுத்துக்கும் உண்டு. 'சூடுதான் ஆறும், சொல் மாறாது' என்று எல்லா இடத்திலும் விளம்பரம் ஒட்டினார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. தூத்துக்குடியில் மோட்டார் வைண்டிங் கடை நடத்துகிறவள் நான். பேர் ஜெனிட்டா. மோட்டார் இன்னும் ரெடியாகலையா என்று ஆட்கள் போனில் கிழிப்பது நின்றுபோனது. புருஷன் பொண்டாட்டி சண்டை குறைந்தது என்றார்கள். எது எதையெல்லாம் இழந்தோம் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணவும் முடியாது, ஏனென்றால் சொன்னது ஒரு பக்கம், கேட்டது இன்னொரு பக்கம்.

என் தம்பி வின்சென்ட்டும் நானும் சேர்ந்துதான் கடை நடத்தினோம். போன வருஷம் ஜூன் பதினொன்றாம் தேதி காலை, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பிளாண்டுக்கு மோட்டார் மாட்டப் போனோம். அவன் உள்ளே போனான். நான் வண்டியில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தேன். குழாய் வெடித்த சத்தம் கேட்டது. அம்மோனியா. வாசலிலேயே கண் எரிந்து, மூச்சு அடைத்தது. ஈரத் துணியை மூஞ்சியில் கட்டிக்கொண்டு இரண்டு தடவை உள்ளே ஓடினேன், இரண்டு தடவையும் விழுந்து தவழ்ந்து வெளியே வந்தேன். அவன் கால் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

ஒன்பது பதினாலுக்கு அவசர எண்ணைக் கூப்பிட்டேன். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. ஐம்பது நிமிஷம் கழித்து வந்தார்கள், சும்மா கையை வீசிக்கொண்டு. மாஸ்க் இல்லை. அதைக் கொண்டுவர இன்னும் இருபது நிமிஷம். என் தம்பிக்கு முப்பத்தி நாலு வயசு.

விசாரணை வைத்தார்கள். ஒரு அறையில் என்னையும் வின்சென்ட் மனைவி அருள்மேரியையும் உட்கார வைத்து, நான் பேசியதைப் போட்டுக் காட்டினார்கள். என் குரல்தான், சத்தியமாக என் குரல். "வணக்கம் சார், இங்க ஐஸ் பிளாண்ட்ல அம்மோனியா வாசனை கொஞ்சம் வருது. தம்பி உள்ள இருக்கான். முடிஞ்சா வந்து பாக்கிறீங்களா? சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று சிரித்த மாதிரி பேசியது.

நான் மேஜையைத் தட்டினேன். இது நான் பேசினதே இல்லை என்றேன். அசல் குரலைப் போடுங்கள் என்றேன். அசல் ஒரு நாள்தான் இருக்கும், அழிந்துவிட்டது, அதுவுமில்லாமல் கனிவு சொல்லை மாற்றவே மாற்றாது என்றார் விசாரணை அதிகாரி. 'அழைப்பாளர் நிதானமாகப் பேசினார், அவசரம் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள். அழைப்பை எடுத்தவர் நான்காம் மேசை, பெயர் தணிகாசலம் என்று மட்டும் அந்தத் தாளில் இருந்தது.

அருள்மேரி அந்த அறையில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வெளியே வந்ததும், "எம் புருஷன் உள்ள செத்துக்கிட்டு இருக்கும்போது உங்களுக்கு மன்னிப்பு கேக்கத் தோணிருக்கு, என்ன மைனி?" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பதினாலு மாதம். நான் வாசலுக்குப் போனால் கதவைச் சாத்துவாள். போனில் அழுதால் அவளுக்கு எது கேட்குமோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். பேசியது என் குரல். அதை எப்படி அவள் நம்பாமல் இருப்பாள்? நான் கத்தினேன் என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சி கிடையாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். தண்டனை, நியாயம் எல்லாம் அப்புறம். நான் கத்தினேன் என்று அவள் ஒரு தடவை கேட்க வேண்டும்.

தணிகாசலத்தின் நம்பரை எங்கெங்கோ பிடித்துப் பேசியதைத்தான் முதலிலேயே சொன்னேன். அதற்கப்புறம் அரக்கோணத்தில் அவர் வீட்டுக்கே போனேன். பூட்டிக் கிடந்தது. வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாடியில் ஒரு இரும்புக் கம்பம் நின்றது. அது என்ன என்று கேட்டேன். அவர் ரேடியோக்காரர், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தமிழ் நெட், அதாவது ரேடியோக்காரர்கள் காற்றிலேயே கூடிப் பேசுகிற கூட்டம், நடத்துவார், எங்கே போனாலும் அதை மட்டும் விடமாட்டார் என்றார்.

ஹாம் ரேடியோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நடுவில் கம்பெனி கிடையாது, டவர் கிடையாது. நம் வாயிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து காற்று, காற்றிலிருந்து அவர் காது. பொழுதுபோக்குதானே என்று சட்டம் எழுதினவர்கள் இதை மறந்துவிட்டார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் இந்த மறதிதான்.

எட்டு மாதம் படித்தேன். பரீட்சை எழுதினேன். பழைய செட் ஒன்று வாங்கி நானே பிரித்துச் சரி செய்தேன். ஆன்டெனாவுக்கு எங்கள் வைண்டிங் கம்பியே இருபது மீட்டர், கடை மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கட்டினேன். லைசென்ஸ் வந்த வாரமே அருள்மேரிக்கு ஆள் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கடைக்கு வந்து வின்சென்ட்டின் டூல் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது அவளுக்குச் சேர வேண்டியது. அதற்காக மட்டும்தான் கூப்பிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

ஆறே முக்காலுக்கு வந்தாள். பேசவில்லை. பெட்டி எங்கே என்று கண்ணாலேயே தேடினாள். நான் அதை ரேடியோ மேஜைக்கு அடியில் என் காலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அரை மணி நேரம் உட்காரு, அப்புறம் எடுத்துக்கோ என்றேன். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்கு நெட் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரிதான். நடத்துகிறவரைக் கன்ட்ரோல் என்பார்கள். அவர் கூப்பிட்டால்தான் பேசலாம். ஒவ்வொருவரும் பேர், ஊர், வானிலை சொல்கிறார்கள். திருப்பத்தூரில் தூறல், கோத்தகிரியில் பனி. ஆண்கள் ஒருவரையொருவர் ஓ.எம். என்கிறார்கள். கிழவன் என்று அர்த்தமாம், இருபது வயசுப் பையனும் ஓ.எம்.தான். கன்ட்ரோலின் குரல் மெத்தென்று, தலையணைக்குப் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. பெயர் தணிகாசலம் என்றது. நான் மைக்கைக் கையில் எடுத்தேன்.

புதிதாக யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். மைக்கின் பொத்தானை அமுக்கினேன். எட்டு மாதமாக இந்த நிமிஷத்துக்கு வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால், "வணக்கம் சார், தூத்துக்குடியிலேருந்து ஜெனிட்டா, முதல் தடவை வாரேன், தப்பு இருந்தா மன்னிக்கணும்" என்று வருகிறது. கருவியே இல்லாமல் வருகிறது. எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது.

அந்த எரிச்சலில் அருள்மேரி பக்கம் திரும்பி, "இந்தா, இவன்தான். நாலாம் மேசை. எந்தம்பி சாவும்போது எம் போனை எடுத்த பாவி இவன்தான். நல்லாக் கேட்டுக்கோ" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பொத்தானை இன்னும் விடவே இல்லை. புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்புதான். மாநிலம் முழுக்கப் பத்தொன்பது பேர் அதைக் கேட்டிருந்தார்கள்.

விட்டேன். ரேடியோவில் இரைச்சல் மட்டும் வந்தது. கடைசியில் அவர் குரல் வந்தது. என் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று, விதிப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். பிறகு, "செய்தி ஏதாவது இருக்குங்களாம்மா?" என்றார்.

இதற்குத்தான் காத்திருந்தேன். நெட்டில் ஒரு வழக்கம் உண்டு. புயல், வெள்ளம் என்று வரும்போது செய்தி கைமாறிக் கைமாறிப் போகும். நடுவில் ஒரு சொல் மாறினாலும் ஆபத்து. அதனால் அனுப்புகிறவர் முதலில் எத்தனை சொல் என்று சொல்வார், பிறகு செய்தியைச் சொல்வார். வாங்குகிறவர் அதை எழுதி, சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லி, எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் செய்தி சேரவில்லை என்றுதான் கணக்கு. கன்ட்ரோலுக்குச் செய்தி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இதைச் செய்தாக வேண்டும். பரீட்சைக்குப் படித்தபோது இந்தப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன்.

"இருக்கு. பெறுநர், அவசர அழைப்பு மையம், நாலாம் மேசை. அனுப்பின நேரம், போன வருசம் ஜூன் பதினொண்ணு, காலை ஒம்பது பதினாலு. சொற்கள் பதினாறு" என்றேன். இப்போது குரல் குழையவில்லை. அன்றைக்குக் கத்தியது மாதிரியே கத்தினேன்.

"அம்மோனியா லீக் ஆயிட்டு. என் தம்பி உள்ள கெடக்கான். மாஸ்க்கோட இப்பமே வாங்க. வரலன்னா அவன் செத்துருவான். காது கேக்கலையா உங்களுக்கு?"

தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அருள்மேரி ஸ்டூலில் இருந்து எழுந்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. இப்பம் கத்தி என்ன, அன்னைக்கு மெதுவாத்தானே பேசினிய என்கிற முகம். அவள் கேட்கிறதும் நியாயம்தான். இன்றைக்குக் கத்துவது யாராலும் முடியும்.

தணிகாசலம் திருப்பிச் சொன்னார். "அம்மோனியா கசிவு இருக்கு. என் தம்பி உள்ள இருக்கார். மாஸ்க்கோட கொஞ்சம் சீக்கிரம் வாங்க. பதினொன்று."

பாருங்கள், நடுவில் எந்தக் கருவியும் கிடையாது. வெறும் காற்று. அந்த மனுஷன் வாயே கனிவாகிவிட்டிருந்தது. அத்தனை வருஷம் அதையே கேட்டுக் கேட்டு, கெடக்கான் என்று ஒருத்தி சொன்னால் இருக்கார் என்றுதான் கை எழுதுகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்கைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அதற்குள் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. திருப்பத்தூர் ஹபீப் பாய், லாரி மெக்கானிக்.

"கன்ட்ரோல், அந்தம்மா பதினாறு சொன்னாங்க. நீங்க பதினொண்ணு வாங்கியிருக்கீங்க. நான் எழுதி வச்சிருக்கேன். அஞ்சு சொல்லு எங்க போச்சு?"

கோத்தகிரியிலிருந்து ஒரு பெண், தன்னிடமும் பதினாறு இருக்கிறது என்றாள். பிறகு பெரியகுளம். பிறகு பேர் சொல்லாமல் ஒருவர். எல்லோரும் பென்சிலோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஆறு வருஷமாக யாராவது கத்தி, அது கத்தலாகவே வந்து சேர்ந்து அவர்கள் கேட்டதில்லை போல.

"மறுபடி சொல்றேன்" என்றார் தணிகாசலம். குரலில் பஞ்சு போய்விட்டது. ஒவ்வொரு சொல்லாக, பல்லைப் பிடுங்குவது மாதிரி எடுத்தார். "அம்மோனியா. லீக். ஆயிட்டு. என். தம்பி. உள்ள. கெடக்கான்." அங்கே நின்றார். "மாஸ்க்கோட. இப்பமே. வாங்க. வரலன்னா. அவன். செத்துருவான். காது. கேக்கலையா. உங்களுக்கு." அப்புறம் இன்னும் ஒன்று சொன்னார்.

"சுண்டூ."

பிறகு, "பதினேழு" என்றார்.

ஹபீப் பாய் உடனே குறுக்கிட்டார். "இப்ப ஒண்ணு கூடுதலா வருதே கன்ட்ரோல். அது அந்தம்மா சொல்லலையே."

"இன்னைக்குச் சொல்லலை. அன்னைக்குச் சொன்னாங்க. போனை வைக்கிறதுக்கு முன்னாடி, எங்கிட்ட இல்ல, திரும்பி வேற யாரையோ பார்த்துக் கத்தினாங்க. சுண்டூன்னு. நான் கேட்டேன்."

வின்சென்ட் எட்டு மாதத்தில் பிறந்தவன். உள்ளங்கை அளவுதான் இருந்தான், அதனால் வீட்டில் அவன் சுண்டு. அம்மா இருந்தவரை அம்மாவும், பிறகு நானும் அருள்மேரியும் தவிர அப்படிக் கூப்பிட ஆள் கிடையாது. ஒரு தாளிலும் அந்தப் பேர் இல்லை. விசாரணையில் போட்ட குரலிலும் இல்லை. நானே மறந்துபோயிருந்தேன். அவன் காலைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார். திரையில் அசல் என்று ஒரு பொத்தான் உண்டாம். அமுக்கினால் உண்மைக் குரல் கேட்கும், ஆனால் அமுக்கினவர் பேரில் சிவப்புக் குறி விழும். அவர் நாலு வருஷமாக அதைத் தொட்டதே இல்லை. மாத்திரை விழுங்கிய அந்தப் பெண், அவர் முன்பு குடிநீர்ப் புகார் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள். வசவு இல்லாமல் ஒரு நாள் போவது அவருக்குச் சொர்க்கமாக இருந்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் செய்தியில் ஐஸ் பிளாண்ட் சாவைப் பார்த்துவிட்டு மையத்துக்குத் திரும்பி ஓடி, அழிவதற்கு முன்னால் அமுக்கிக் கேட்டிருக்கிறார். மூன்று தடவை கேட்டாராம். விசாரணையில் கூப்பிட்டால் சொல்லலாம் என்று இருந்தாராம். கூப்பிடவில்லையாம். வேலை போய்விடும் என்று பயமாம். அப்புறம் வேலையையே விட்டுவிட்டாராம்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று எழுத மாட்டேன். வரவில்லை. பதினாலு மாதம் என் குரலைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் ஊராக வானிலை விசாரித்திருக்கிறார்.

"செய்தி உரிய ஆளுக்குச் சேர்ந்தது" என்றார். "கிடைச்ச நேரம், இன்னைக்குக் காலை ஏழு முப்பத்தெட்டு."

நோட்டில் பதிவு செய்துவிட்டதாக ஹபீப் பாய் சொன்னார். கோத்தகிரி சொன்னது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

மைக் என் கையில் இல்லை. அருள்மேரி அதைப் பிடுங்கியிருந்தாள். அவளுக்கு லைசென்ஸ் கிடையாது, சட்டப்படி தப்பு. பொத்தான் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கையோடு சேர்த்து நான் அமுக்கிப் பிடித்தேன். இன்னொரு கையின் விரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள். இத்தனை நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஒன்றையும் விடாமல் கேட்டிருக்கிறாள்.

"நாலாம் மேசைக்கு ஒரு செய்தி. சொல்லு அஞ்சு" என்றாள். "இத ஏன்யா அன்னைக்கே சொல்லாம இருந்த?"

பொத்தானை விட்டோம். விதி விதிதான், திருப்பிச் சொல்லியாக வேண்டும். இரைச்சலுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"இத. ஏன்யா. அன்னைக்கே. சொல்லாம. இருந்த."

அருள்மேரி விரல்களைப் பார்த்தாள். ஐந்தும் மடங்கியிருந்தன.